உப்பளத்தில் தொடங்கும் பாடம்: தனிமக் குடும்பங்களைப் புரிந்துகொள்ள முழுமையான வழிகாட்டி

ராமநாதபுரம் மாவட்டத்தில் மண்டபம் ஊர்ப் பக்கம் சாயங்காலம் டியூஷன் எடுக்கிறேன். ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை வேதியியல். வருஷா வருஷம் தனிம வரிசை அட்டவணைப் பாடம் வரும்போது பிள்ளைகளின் முகம் சுருங்கிவிடும். 118 கட்டம், 18 தொகுதி, 7 வரிசை. "எல்லாத்தையும் மனப்பாடம் பண்ணணுமா சார்?" என்பதுதான் முதல் கேள்வி.

நான் படித்த காலத்தில் பண்ணத்தான் வைத்தார்கள். லித்தியம், சோடியம், பொட்டாசியம் என்று பாட்டு மாதிரி ஒப்பிப்போம். பரீட்சையில் "சோடியத்தைவிடப் பொட்டாசியம் ஏன் வேகமாக வினைபுரிகிறது?" என்று கேட்டார்கள். எனக்குப் பட்டியல் தெரியும், காரணம் தெரியாது. அரைப் பக்கம் பட்டியலை எழுதி வைத்துவிட்டு வந்தேன். சைபர்.

காரணம் புரிந்தது பல வருஷம் கழித்து, வாலிநோக்கம் உப்பளத்து வரப்பில் நின்றபோது. அதனால் என் பிள்ளைகளுக்கு அட்டவணையின் மூலையிலிருந்து பாடத்தைத் தொடங்குவதில்லை. உப்பிலிருந்து தொடங்குகிறேன். இந்த வழிகாட்டியும் அந்த வரிசையில்தான் போகும். நெடுகப் படித்துக்கொண்டு போகாமல், சொல்லும் இடங்களில் நிறுத்தி செய்து பாருங்கள்.

படி 1: ஒரே ஒரு கேள்வியைப் பிடித்துக்கொள்ளுங்கள்

அணுவின் நடுவே உட்கரு. அதைச் சுற்றி எலக்ட்ரான்கள் கூடு கூடாக இருக்கின்றன. உள்கூடுகள் நிரம்பியவை, அங்கே பெரிய நடமாட்டம் கிடையாது. அணுவின் குணத்தைத் தீர்மானிப்பது கடைசிக் கூட்டில் எத்தனை எலக்ட்ரான் இருக்கிறது என்பது. சோடியத்துக்கு அணு எண் 11. அதன் எலக்ட்ரான்கள் 2, 8, 1 என்று அடுக்கியிருக்கும். குளோரினுக்கு 17, அடுக்கு 2, 8, 7. நடுவே 10ஆம் எண்ணில் நியான் 2, 8 என்றும், 18இல் ஆர்கான் 2, 8, 8 என்றும் நிறைந்து நிற்கின்றன.

எந்தத் தனிமத்தைப் பார்த்தாலும் இதைக் கேளுங்கள்: நிறைந்த கூட்டுக்குப் போக இதற்கு எது சுலபம், கொடுப்பதா, வாங்குவதா, பங்கு போடுவதா? அட்டவணையில் மேலிருந்து கீழாக ஒரே பத்தியில் இருப்பவற்றுக்குக் கடைசிக் கூட்டு எண்ணிக்கை ஒன்றுதான், ஆகவே பதிலும் அநேகமாக ஒன்றுதான். அந்தப் பத்திக்குத் தொகுதி என்று பெயர். குடும்பம் என்று சொல்வதும் அதைத்தான்.

எண்ணிக்கையை நினைவில் வைக்க ஒரு சின்ன வழி உண்டு. 1, 2ஆம் தொகுதிகளில் தொகுதி எண்ணே விடை. 13 முதல் 18 வரை கடைசி இலக்கம் விடை: 17ஆம் தொகுதி என்றால் 7, 14 என்றால் 4. ஹீலியம் மட்டும் தப்பும். அது 18ஆம் தொகுதியில் இருந்தாலும் அதனிடம் இருப்பதே 2 எலக்ட்ரான்தான். முதல் கூடு அதோடு நிறைந்துவிடுகிறது. 3 முதல் 12 வரை இந்தக் கணக்கு செல்லாது. அதைப் பாம்பன் பாலத்துக்கு வரும்போது பார்ப்போம்.

படி 2: ஒரு லிட்டர் கடல்தண்ணீரை வற்ற விடுங்கள்

இதைப் பிள்ளைகளைச் செய்ய வைக்காமல் நான் மேலே போவதில்லை. சாக்கடை கலக்காத இடமாகப் பார்த்து ஒரு லிட்டர் கடல்தண்ணீர் எடுத்து, துணியில் வடிகட்டி, அகலமான கண்ணாடித் தட்டிலோ எவர்சில்வர் தாம்பாளத்திலோ ஊற்றி மொட்டைமாடியில் வையுங்கள். அலுமினியப் பாத்திரம் வேண்டாம், காரணம் பிறகு சொல்கிறேன். பங்குனி, சித்திரை வெயில் என்றால் சில நாளில் முடிந்துவிடும். தினமும் போய்ப் பாருங்கள்.

முதலில் தட்டின் ஓரத்தில் மாவு மாதிரி வெள்ளைப் படலம் ஒட்டும். இது கால்சியம் கார்பனேட், மிகக் கொஞ்சம்தான். தண்ணீர் பாதிக்கும் கீழே வற்றியபின் ஊசி ஊசியாக ஜிப்சம் இறங்கும், அதாவது கால்சியம் சல்பேட். நன்றாகச் சுண்டிய பிறகுதான் உப்பு வரும். மேற்பரப்பில் சின்னச் சின்னச் சதுரங்கள் மிதக்கும். லென்ஸ் வைத்துப் பார்த்தால் ஒவ்வொன்றும் நடுவில் குழிந்த கிண்ணம் மாதிரி இருக்கும். கனம் கூடியதும் மூழ்கும், அடியில் போய்க் கட்டம் கட்டமாக வளரும்.

எல்லாம் முடிந்தது என்று நினைக்கும்போது மூலையில் கொஞ்சம் தண்ணீர் எண்ணெய் மாதிரி நின்றுகொண்டிருக்கும். எத்தனை வெயில் அடித்தாலும் முழுசாகக் காயாது. ஒரு துளியை நாக்கு நுனியில் தொட்டுப் பார்த்துத் துப்பிவிடுங்கள். கரிப்பைவிடக் கசப்புத்தான் தூக்கலாக இருக்கும்.

உப்பளத்தில் நடப்பதும் இதுவே. அங்கே தண்ணீரின் அடர்த்தியை மானியில் 'டிகிரி' பார்ப்பார்கள். கடல்தண்ணீர் 3 சொச்சம் டிகிரி. பாத்தி மாற்றி மாற்றி விட்டு 25 வரை ஏற்றுவார்கள். வரப்பில் நின்ற ஒருவர் எனக்குச் சொன்னது: "இருபத்தஞ்சு வந்தா உப்பு விழும் சார். முப்பதுக்கு மேல போக விட்டா உப்பே கசந்துரும். ஈரமும் காயாது." அந்தக் கட்டத்தில் மிச்சத் தண்ணீரைத் திறந்து வெளியே விட்டுவிடுவார்கள்.

அவர் சொன்ன மூன்று வாக்கியத்தில் மூன்று குடும்பங்கள் இருக்கின்றன. விழுகிற உப்பில் 1ஆம் தொகுதியின் சோடியமும் 17ஆம் தொகுதியின் குளோரினும். கசப்பிலும் ஈரத்திலும் 2ஆம் தொகுதியின் மக்னீசியம். ஒரு கிலோ கடல்தண்ணீரில் சுமார் 35 கிராம் உப்புகள் கரைந்திருக்கின்றன. அதில் குளோரைடு 19 கிராம் சொச்சம், சோடியம் 11 கிராமுக்குக் கொஞ்சம் குறைவு, மக்னீசியம் 1.3 கிராம், கால்சியமும் பொட்டாசியமும் தலைக்கு 0.4 கிராம்.

படி 3: முதல் தொகுதி, கொடுக்கத் துடிக்கும் குடும்பம்

லித்தியம், சோடியம், பொட்டாசியம், ருபீடியம், சீசியம், பிரான்சியம். கார உலோகங்கள் என்று பெயர். கடைசிக் கூட்டில் ஒற்றை எலக்ட்ரான். அதை உதறிவிட்டால் கீழே நிறைந்த கூடு. சோடியம் ஒன்றைக் கொடுத்ததும் நியானைப்போல் 2, 8 என்று ஆகிவிடும்.

உலோகம் என்றதும் இரும்பை நினைக்காதீர்கள். சோடியத்தைக் கத்தியால் வெண்ணெய் மாதிரி வெட்டலாம். வெட்டிய முகம் வெள்ளி போல மின்னி, பார்த்துக்கொண்டிருக்கும்போதே மங்கும். லித்தியமும் சோடியமும் பொட்டாசியமும் தண்ணீரைவிட லேசு, மிதக்கும். சீசியத்தின் உருகுநிலை 28.4 டிகிரி. நம் ஊர்ப் பகல் வெயிலில் கண்ணாடிக் குழாய்க்குள் உருகித்தான் கிடக்கும்.

தண்ணீரில் போட்டால் லித்தியம் நிதானமாக நுரைக்கும். சோடியம் உருண்டையாகித் தண்ணீர் மேல் ஓடும். பொட்டாசியம் ஊதா நிறத்தில் பற்றிக்கொள்ளும். சீசியம் வெடிக்கும். என்னைச் சைபர் வாங்க வைத்த கேள்விக்கு விடை இங்கே இருக்கிறது. கரைக்குப் பக்கத்தில் கட்டிய வள்ளம் காற்றுக்கு அவ்வளவாக அசையாது. தள்ளி ஆழத்தில் கட்டியது கச்சான் காற்று அடித்தால் அவிழ்த்துக்கொண்டு போய்விடும். கீழே போகப்போக அணுவுக்கு ஒவ்வொரு கூடு கூடுகிறது, கடைசி எலக்ட்ரான் உட்கருவுக்குத் தூரமாகிறது, நடுவிலிருக்கும் உள்கூடுகளும் மறைக்கின்றன, பிடி தளர்கிறது. சோடியத்தின் எலக்ட்ரான் மூன்றாம் கூட்டில், பொட்டாசியத்தினுடையது நான்காம் கூட்டில். அவ்வளவுதான் விடை. இரண்டு வரி.

இந்தக் குடும்பத்தின் சேர்மங்கள் பெரும்பாலும் வெள்ளை, பெரும்பாலும் தண்ணீரில் நன்றாகக் கரையும். எது சோடியம், எது பொட்டாசியம் என்று கண்ணால் பிரிக்க முடியாது, தீயில் பிரிக்கலாம். அடுப்பில் சோறு பொங்கி வழியும்போது நீலச் சுவாலை சட்டென்று மஞ்சளாவதைப் பார்த்திருப்பீர்கள். உலையில் போட்ட உப்பின் சோடியம் அது. பொட்டாசியம் இளம் ஊதா, லித்தியம் கருஞ்சிவப்பு. தீயின் நிறத்தை நிறமாலையாகப் பிரித்துப் பார்த்துத்தான் புன்சனும் கிர்க்காஃபும் 1860இல் சீசியத்தையும் அடுத்த வருஷம் ருபீடியத்தையும் கண்டுபிடித்தார்கள். அதற்கு முன்னால், 1807இல், டேவி மின்சாரத்தால் பொட்டாசியத்தையும் சோடியத்தையும் பிரித்திருந்தார்.

பாக் நீரிணையில் மூங்கில் மிதவை கட்டி வளர்க்கும் கப்பாபைக்கஸ் பாசியில் பொட்டாசியம் நிறைய. காயவைத்த பாசி மேல் வெள்ளையாகப் பூத்திருக்கும் உப்பைச் சோடியம் உப்பு மட்டும் என்று நினைத்துவிட வேண்டாம். பொட்டாசியம் குளோரைடும் அதில் உண்டு. கடலில் சோடியத்துக்குப் பொட்டாசியம் இருபத்தைந்தில் ஒரு பங்குகூட இல்லை. பாசி அதைத் தேடிப் பிடித்துச் சேர்த்துவைக்கிறது. அதன் சாற்றைப் பயிருக்குத் தெளிப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஹைட்ரஜன் இந்தப் பத்தியின் தலையில் உட்கார்ந்திருக்கிறதே என்று கேட்பார்கள். எலக்ட்ரான் ஒன்று என்பதால் இடம் கொடுத்திருக்கிறார்கள். அது வாயு, கார உலோகம் இல்லை.

படி 4: பதினேழாம் தொகுதி, உப்பை ஈனும் குடும்பம்

ஹாலஜன் என்பதற்குப் பழைய தமிழ்ப் பாடநூல்களில் 'உப்பீனி' என்று இருந்தது. உப்பை ஈனுவது உப்பீனி. கிரேக்கச் சொல்லின் பொருளும் அதுதான். இத்தனை நல்ல சொல்லை ஏன் விட்டோம் என்று எனக்கு ஆதங்கம் உண்டு.

புளோரின், குளோரின், புரோமின், அயோடின், அஸ்டட்டைன், கடைசியில் செயற்கையாக உண்டாக்கிய டென்னசின். கடைசிக் கூட்டில் 7. ஒன்று கிடைத்தால் நிறைந்துவிடும். ஆகவே பறிக்கும் குணம். கொடுக்கத் துடிக்கும் சோடியமும் பறிக்கத் துடிக்கும் குளோரினும் சந்தித்தால் சோறுக்குப் போடும் உப்பு. தண்ணீர் பட்டால் எரியும் ஒரு உலோகமும் மூச்சில் ஏறினால் ஆளைக் கொல்லும் ஒரு வாயுவும் சேர்ந்து ஊறுகாய்க்குள் சாதுவாக இருக்கின்றன. எலக்ட்ரான் கைமாறியபின் இரண்டுக்கும் நிறைந்த கூடு, சண்டை ஏது?

கீழே இறங்க இறங்க இங்கே வேகம் குறையும், முதல் தொகுதிக்கு நேர் எதிர். காரணம் மட்டும் அதேதான். பறிக்க வேண்டிய இடம் உட்கருவுக்குத் தூரமாகிறது, இழுப்பு குறைகிறது. அதனால் எல்லாவற்றிலும் முரடு புளோரின். அதைத் தனியாகப் பிரிக்க 1886 வரை ஆனது, பிரித்தவர் மொய்சான். முதல் தொகுதியில் அடிமட்டத்தில் இருப்பவன் முரடன், 17இல் மேலே இருப்பவன். காரணத்தைப் பிடித்துக்கொண்டால் இது ஒருபோதும் குழம்பாது.

நிறத்தையும் நிலையையும் பாருங்கள். புளோரின் வெளிர்மஞ்சள் வாயு, குளோரின் பச்சைமஞ்சள் வாயு, புரோமின் செம்பழுப்புத் திரவம், அயோடின் கருநீலமாக மின்னும் திண்மம், சூடாக்கினால் ஊதா ஆவி. கீழே போகப்போக நிறம் கனக்கிறது, பொருளும் இறுகுகிறது.

இப்போது உப்பளத்தில் திறந்து விட்ட அந்தக் கசப்புத் தண்ணீருக்கு வருகிறேன். 1826இல் பிரான்சின் மோன்பெலியேயில் பலார் என்ற இளைஞர் அங்குள்ள உப்பளத்தின் கசப்புத் தண்ணீரில் குளோரினைச் செலுத்திப் பார்த்தார். தண்ணீர் ஆரஞ்சாக மாறியது. அதிலிருந்து நாற்றமடிக்கும் செம்பழுப்புத் திரவம் ஒன்று கிடைத்தது. அதுதான் புரோமின். பலமான குளோரின் பலவீனமான புரோமினை அதன் உப்பிலிருந்து வெளியே தள்ளிவிட்டது. இந்த இடப்பெயர்ச்சி வினையை இன்றைக்கும் பன்னிரண்டாம் வகுப்பில் கேட்கிறார்கள். வேடிக்கை என்னவென்றால், லீபிக் என்ற பெரிய வேதியியலாளர் கையிலும் அந்தத் திரவம் முன்பே வந்திருந்தது. அவர் அயோடின் குளோரைடு என்று சீட்டு ஒட்டி வைத்துவிட்டார். பலாருக்கு மட்டும் இது குளோரினுக்கும் அயோடினுக்கும் நடுவே நிற்கும் மூன்றாவது பிள்ளை என்று சாயலில் தெரிந்தது.

அயோடினும் கடல் கொடுத்ததே. 1811இல் கூர்த்வா கடல்பாசிச் சாம்பலில் கந்தக அமிலம் விட்டபோது ஊதாப் புகை எழுந்தது. கடைசி வேடிக்கையாக இதைச் செய்யலாம்: ஆறின சோற்றுக் கஞ்சியில் காயத்துக்குப் போடும் பொவிடோன் அயோடின் ஒரு சொட்டு விடுங்கள், கருநீலம் வரும். அதையே பாக்கெட் உப்பில் சோதிக்கிறேன் என்று கஞ்சியைக் கொட்டினால் ஒன்றும் வராது. உப்பில் கலப்பது பொட்டாசியம் அயோடேட், தனி அயோடின் இல்லை.

படி 5: இரண்டாம் தொகுதி, கிளிஞ்சலும் கசப்பும்

பெரிலியம், மக்னீசியம், கால்சியம், ஸ்ட்ரான்சியம், பேரியம், ரேடியம். காரமண் உலோகங்கள். கடைசிக் கூட்டில் இரண்டு. கொடுப்பவைதான், ஆனால் இரண்டைக் கொடுக்க வேண்டியிருப்பதால் முதல் தொகுதி அளவுக்கு அவசரம் இல்லை. உலோகமாகவும் அவற்றைவிடக் கெட்டி.

இந்தக் குடும்பத்தை நம் கடற்கரையைவிட நன்றாகக் காட்டும் இடம் எனக்குத் தெரியாது. கீழக்கரைச் சங்கு கால்சியம் கார்பனேட். கிளிஞ்சலும் சிப்பியும் முத்தும் அதே. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சுற்றியிருக்கும் பவளப்பாறையும் அதே. தனுஷ்கோடியில் 1964 புயலுக்குப் பிறகு மிஞ்சி நிற்கும் தேவாலயச் சுவர்களில் நீங்கள் தொட்டுப் பார்க்கும் பவளக்கல்லும் அதே.

கரையில் கிடக்கும் வெறும் கிளிஞ்சலை எடுத்து எலுமிச்சைச் சாற்றில் போடுங்கள். குமிழ் குமிழாக வருவது கார்பன் டை ஆக்சைடு. இந்தச் சோதனைக்குப் பவளத்தை எடுக்க வேண்டாம். செத்த துண்டானாலும் வேண்டாம், வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் மாட்டும். கிளிஞ்சலைச் சூளையில் போட்டுச் சுட்டால் கார்பன் டை ஆக்சைடு போய்ச் சுட்ட சுண்ணாம்பு. தண்ணீர் விட்டால் கொதித்து நீற்றுச் சுண்ணாம்பு. சுவரில் பூசியபின் காற்றிலிருக்கும் கார்பன் டை ஆக்சைடை வாங்கிக்கொண்டு திரும்பவும் கார்பனேட் ஆகி இறுகும். கிளிஞ்சல் கிளிஞ்சலாகவே திரும்பி வந்துவிடுகிறது, வெற்றிலையில் தடவிய சுண்ணாம்பு நீங்கலாக.

ஒரு கேள்வி: உப்பு கடலில் கரைகிறது, சங்கு ஏன் கரையவில்லை? சோடியம் ஒரு எலக்ட்ரானைக் கொடுத்து ஒற்றை நேர்மின்சுமையோடு நிற்கிறது. கால்சியம் இரண்டைக் கொடுத்து இரட்டைச் சுமையோடு நிற்கிறது. எதிரே கார்பனேட்டுக்கும் இரட்டைச் சுமை. இரட்டையும் இரட்டையும் பிடித்த பிடியைத் தண்ணீர் லேசில் பிரிக்க முடியாது. தாம்பாளத்தில் கால்சியம் முதலில் இறங்கி, சோடியம் பின்னால் இறங்கியது இதனால்தான்.

ஆழ்துளைத் தண்ணீரில் சோப்பு நுரைக்காமல் தயிர் மாதிரித் திரிவதும் கால்சியம், மக்னீசியம் செய்கிற வேலை. ஒரு வாளித் தண்ணீரில் கொஞ்சம் சலவைச் சோடா போட்டுக் கலக்கித் தெளிய விட்டுப் பிறகு சோப்பைக் கரைத்துப் பாருங்கள், நுரைக்கும். கால்சியம் கார்பனேட்டாக அடியில் தங்கிவிட, அந்த இடத்துக்குச் சோடியம் வந்துவிட்டது.

மக்னீசியம் குளோரைடு காற்றின் ஈரத்தை இழுக்கும். ஐப்பசி, கார்த்திகையில் கல் உப்பு ஜாடி வியர்ப்பது இதனால். சுத்தமான சோடியம் குளோரைடு அவ்வளவு வியர்க்காது.

படி 6: பதினெட்டு, யாரிடமும் எதுவும் கேட்காதவை

ஹீலியம், நியான், ஆர்கான், கிரிப்டான், செனான், ரேடான். கூடு நிறைந்தது, வினை இல்லை. மெண்டெலீவ் 1869இல் அட்டவணை போட்டபோது இந்தப் பத்தியே கிடையாது. வினைபுரியாத ஒன்றை யார் கவனிப்பார்? நாம் இழுக்கும் மூச்சில் நூற்றுக்குக் கிட்டத்தட்ட ஒரு பங்கு ஆர்கான், அது 1894 வரை யாருக்கும் தெரியாது. ஹீலியம் இன்னும் விசித்திரம். 1868 ஆகஸ்ட் 18 சூரிய கிரகணத்தைக் குண்டூரிலிருந்து ஜான்சென் என்ற பிரெஞ்சு வானியலாளர் நிறமாலைமானியில் பார்த்தார். சூரியனின் நிறமாலையில் அந்த வருஷம் தெரிந்த புது மஞ்சள் கோட்டுக்குச் சொந்தமான தனிமம் பூமியில் கையில் கிடைக்க 1895 ஆனது.

படகுப் பட்டறையில் எவர்சில்வர் பைப்பை 'ஆர்கான் வெல்டிங்' பண்ணுகிறார்கள். பழுத்த உலோகத்தை ஆக்சிஜன் அண்டாமல் ஆர்கான் போர்த்திக்கொள்கிறது, தான் எதோடும் சேராது. மந்த வாயு என்ற பெயர் முழுக்கச் சரியில்லை. 1962இல் பார்ட்லெட் செனானை ஒரு சேர்மத்துக்குள் இழுத்துவிட்டார். அதனால் இப்போது அரிய வாயு என்கிறார்கள்.

படி 7: நடுக் குடும்பங்களில் முகச்சாயல் தேடாதீர்கள்

13 முதல் 16 வரை வருகிற இடத்தில்தான் பிள்ளைகள் தடுமாறுவார்கள். கார உலோகங்கள் ஆறும் அச்சில் வார்த்தது போல இருக்கும். 14ஆம் தொகுதியைப் பாருங்கள்: மேலே கரி, அடுத்து மணலில் இருக்கும் சிலிக்கன், பிறகு ஜெர்மானியம், வெள்ளீயம், காரீயம். வீட்டு அடுப்புக் கரியும் வலையில் கட்டும் ஈயக்குண்டும் ஒரே குடும்பமா?

ஒரே குடும்பம்தான். நான்கு எலக்ட்ரான் எல்லாவற்றுக்கும். கீழே போகப்போகப் பிடி தளர்கிறது என்று முதல் தொகுதியில் பார்த்தோமே, அதேதான் இங்கேயும் நடக்கிறது. மேலே இறுக்கிப் பிடிக்கும் அலோகம், நடுவே அரைகுறைப் பிடியுள்ள உலோகப்போலி, கீழே விட்டுக்கொடுக்கும் உலோகம். சிலிக்கனின் அந்த அரைகுறைப் பிடிதான் சூரிய மின்தகட்டில் வேலை செய்கிறது; கமுதியில் 2016இல் வந்த 648 மெகாவாட் நிலையம் நம் மாவட்டத்தில்தான் இருக்கிறது. வெள்ளீயம், காரீயம் இரண்டையும் ஈயம் என்றே தமிழில் அழைத்தவர்களுக்குச் சாயல் தெரிந்திருக்கிறது. ஒன்றைப் பித்தளைப் பாத்திரத்துக்குப் பூசலாம், மற்றது விஷம் என்பதையும் மறக்க வேண்டாம்.

13இல் அலுமினியம் முக்கியம். மூன்றைக் கொடுக்கும் சுறுசுறுப்பான உலோகம். காற்றில் உடனே மெல்லிய ஆக்சைடுத் தோல் போர்த்திக்கொள்வதால் சாதுவாகத் தெரிகிறது. குளோரைடு அந்தத் தோலை ஓட்டை போடும். எங்கள் வீட்டில் கருவாட்டை ஊறப்போட்டு மறந்த அலுமினியச் சட்டியில் ஊசிமுனைத் துளைகள் விழுந்தன. கடல்தண்ணீருக்கு அந்தப் பாத்திரம் வேண்டாம் என்றது அதற்காகத்தான். அதன் கீழே காலியம் 29.8 டிகிரியில் உருகும். உள்ளங்கையில் வைத்தால் போதும்.

15இல் நைட்ரஜன், பாஸ்பரஸ் உரமூட்டையில் இருக்கின்றன. கீழே ஆர்சனிக், ஆன்டிமனி, பிஸ்மத். 16இல் ஆக்சிஜனும் கந்தகமும். கரை ஒதுங்கிய பாசி அழுகும்போது வரும் முட்டை நாற்றம் ஹைட்ரஜன் சல்பைடு. தண்ணீரில் ஆக்சிஜன் இருக்கும் இடத்தில் அதன் தம்பி உட்கார்ந்தால் கிடைப்பது அது. இரண்டையும் பக்கத்தில் வைத்து யோசித்தால் இந்தத் தொகுதி போதுமான அளவு புரிந்துவிடும்.

படி 8: பாம்பன் பாலமும் இடைநிலை உலோகங்களும்

3 முதல் 12 வரை. இரும்பு 2, 8, 14, 2 என்று அடுக்கியிருக்கும். அந்த 14ஐப் பாருங்கள். உள்கூடு இன்னும் நிரம்பிக்கொண்டிருக்கிறது. கடைசிக் கூட்டோடு இதுவும் வினைக்கு வரும். அதனால் இரும்பு ஒரு சமயம் 2, இன்னொரு சமயம் 3 எலக்ட்ரான் கொடுக்கும். மாறும் இணைதிறன் என்பது இதுதான். நிரம்பாத உள்கூட்டுக்குள் எலக்ட்ரான் தாவுவதால் சேர்மங்களுக்கு நிறமும் வருகிறது. முதல் இரண்டு தொகுதியின் உப்புகள் வெள்ளை வெளேர் என்று இருக்க, இங்கே மயில்துத்தம் நீலம், இரும்புத் துரு செம்பழுப்பு, பர்மாங்கனேட் ஊதா.

நம் இரத்தம் சிவப்பு, இரும்பால். நண்டு, கணவாய் இரத்தம் செம்பால் ஆனது, ஆக்சிஜன் பட்டால் நீலம். மீன் வெட்டும் இடத்தில் உயிர் நண்டை உடைக்கும்போது கசியும் நீர் காற்றில் லேசாக நீலமோடுவதைக் கவனித்தால் தெரியும். ஆக்சிஜனைப் பிடித்து விடும் ஒரே வேலைக்கு இரண்டு உயிரினமும் இந்தக் கூட்டத்திலிருந்தே ஆளெடுத்திருக்கின்றன.

துருவுக்கு வேண்டியது இரும்பு, தண்ணீர், ஆக்சிஜன். உப்பு அதைத் துரிதப்படுத்தும், கரைந்த அயனிகள், அதாவது மின்சுமையுள்ள துகள்கள், மின்னோட்டத்துக்கு வழி போடுவதால். 1914இல் திறந்த பழைய பாம்பன் ரயில் பாலத்துக்கு ஆயுள் முழுக்கச் சாயம் அடித்துக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது. 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாலத்தில் துருப்பிடிக்காத எஃகுக் கம்பியும் பாலிசிலோக்சேன் என்ற துருத்தடுப்புப் பூச்சும் போட்டிருக்கிறார்கள். எஃகில் கலந்த குரோமியம் அலுமினியத்தைப் போலவே மெல்லிய தோல் போர்த்திக்கொள்ளும். விசைப்படகின் அடியில் துத்தநாகக் கட்டி பொருத்துவதும் வேதியியலே: இரும்பைவிடச் சீக்கிரம் எலக்ட்ரானைக் கொடுக்கும் துத்தநாகம் தான் கரைந்து இரும்பைக் காப்பாற்றும். துத்தநாகத்தின் உள்கூடு நிரம்பிவிட்டதால் அதன் சேர்மங்கள் பெரும்பாலும் வெள்ளை. கறாரான ஆட்கள் அதை இந்தக் கூட்டத்தில் சேர்ப்பதில்லை.

கீழே தனியாகக் கிடக்கும் இரண்டு வரிசை லாந்தனைடுகளும் ஆக்டினைடுகளும். இவற்றில் இன்னும் உள்ளே, வெளியிலிருந்து எண்ணினால் மூன்றாவது கூடு நிரம்புகிறது, வெளியே மாற்றமில்லை. அதனால் லாந்தனைடுகள் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி, பிரித்தெடுப்பது பெரும்பாடு. பள்ளிப் பரீட்சைக்கு இவ்வளவு போதும்.

படி 9: ஒரு கட்டத்தை மூடிவைத்துக் கணியுங்கள்

மெண்டெலீவ் காலி விட்ட கட்டங்களுக்கு 'ஏக' என்ற சமஸ்கிருத முன்னொட்டில் பெயர் வைத்தார். சிலிக்கனுக்கு அடுத்துக் கீழே வர வேண்டிய ஏக சிலிக்கனுக்கு அணுநிறை 72 என்று எழுதினார். 1886இல் ஜெர்மானியம் கிடைத்தது, 72.6. இதை நீங்களும் செய்யலாம்.

புரோமின் கட்டத்தைக் கட்டைவிரலால் மூடுங்கள். மேலே குளோரின்: அணுநிறை 35.5, கொதிநிலை மைனஸ் 34. கீழே அயோடின்: 127, கொதிநிலை 184. நடுவெடுத்தால் அணுநிறை 81, கொதிநிலை 75. விரலை எடுத்துப் பாருங்கள்: 79.9, 59. அணுநிறை கிட்டத்தட்டச் சரி, கொதிநிலையில் 16 டிகிரி தள்ளிப்போனது. அறை வெப்பத்தில் திரவமாக இருக்கும் என்பதை மட்டும் கணிப்பு விடவில்லை.

அடுத்து ஸ்ட்ரான்சியத்தை மூடுங்கள். கால்சியம் அணுநிறை 40, உருகுநிலை 842. பேரியம் 137, உருகுநிலை 727. முதலில் காகிதத்தில் எழுதுங்கள்: அணுநிறை, உருகுநிலை, எத்தனை எலக்ட்ரான் கொடுக்கும், கார்பனேட் கரையுமா, உப்பின் நிறம் என்ன. பிறகு ஒப்பிடுங்கள்: 87.6, 777, இரண்டு, கரையாது, வெள்ளை. பவளம் கூடு கட்டும்போது கால்சியம் இருக்க வேண்டிய இடத்தில் அங்கங்கே ஸ்ட்ரான்சியம் போய் உட்கார்ந்துவிடும் என்பதையும் உங்கள் காகிதத்தை வைத்தே ஊகித்திருக்க முடியும்.